ஜப்பானியத் திருவிழாக்களின் பூரண இனிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் ஒரு கோயில் திருவிழாவைக் காணப் போகிறவர்களும், போய் வந்தபின் தாங்கள் உண்ட மீன் வடிவப் பண்டத்துக்குள் இருந்தது என்னவென்று அறிய விரும்புகிறவர்களும், அதை வீட்டில் செய்து பார்க்க முனைகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மீன் வடிவத் தையாக்கி, வட்டமான இமகாவாயாக்கி ஆகிய இரண்டைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்படுவதால் அவற்றுக்கு அதிக இடம் தந்துள்ளேன். கண்ணில் முதலில் படுவது வடிவம்தான் என்றாலும், இந்த இனிப்புகளில் நல்லதையும் சுமாரானதையும் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் பயற்றுப் பூரணமே என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுகிறேன்.

திருவிழாக் கடைகளில் பூரணம் வைத்த இனிப்புகள் எவையெவை கிடைக்கும்?

ஜப்பானில் திருவிழாவை மட்சுரி என்பார்கள். இதைத் தவிர, ஒவ்வொரு கோயிலிலும் அங்குள்ள தெய்வத்தோடு அடியார்க்குத் தொடர்பு நெருங்கும் நாள் என்று கருதப்படும் என்னிச்சி என்ற நாளும் உண்டு. பல கோயில்களில் அது மாதந்தோறும் குறிப்பிட்ட தேதியில் வரும். கியோட்டோவின் தோஜி கோயிலில் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25ஆம் தேதியும் இப்படிப்பட்ட நாள்கள். அன்று கோயிலுக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் யாதாய் எனப்படும் கூடாரக் கடைகள் வரிசையாக முளைத்துவிடும். ஊர் ஊராகச் சென்று இத்தகைய கடைகளை நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களைத் தெக்கியா என்று அழைப்பது வழக்கம்.

இக்கடைகளில் பூரணம் வைத்துச் சூடாகச் சுட்டுத் தரப்படுபவை முக்கியமாக தையாக்கியும் இமகாவாயாக்கியும்தான். மெல்லிய தோசைபோல் வார்த்து, பாலேடும் பழமும் வைத்துக் கூம்பாகச் சுருட்டித் தரும் கிரேப், 1970களின் பிற்பகுதியில் டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியில் பெயர்பெற்று, இப்போது திருவிழாக்களிலும் இடம்பிடித்திருக்கிறது. கூடாரக் கடைகளுக்கு அப்பால், கோயில் வாசலிலேயே தலைமுறைகளாக நிலைத்து நிற்கும் கடைகளில் நிங்யோயாக்கி, உமேகாயெமோச்சி போன்றவை கிடைக்கும். கோலில் குத்திய தாங்கோ உருண்டை, சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள், குட்டிக் கேக்குபோன்ற பேபி கஸ்தெரா ஆகியவற்றில் பொதுவாகப் பூரணம் இராது.

உள்ளே இருக்கும் கருஞ்சிவப்புப் பூரணம் எதனால் ஆனது?

அது அங்கோ. அசுகி என்ற சிறிய சிவப்புப் பயற்றை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணம். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை எந்தத் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவையோ அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் அசுகியும். ஜப்பானில் விளையும் அசுகியில் மிகப் பெரும்பகுதி வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவிலிருந்து வருகிறது, அதிலும் தொக்காச்சி சமவெளி பெயர்போனது. சிவப்பு நிறம் தீமையை விரட்டும் என்ற நம்பிக்கை ஜப்பானில் பழமையானது. நல்ல நாள்களில் அசுகி சேர்த்துச் சமைத்த சிவப்புச் சோறு பரிமாறப்படுவதும் அதனால்தான்.

அங்கோவில் இரண்டு வகைகளை அறிந்துவைத்திருந்தால் கடையில் உதவும். பயறு குழைந்தும் தோலோடு முழுதாகவும் தெரிவது சுபுஆன். வெந்த பயற்றைச் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, தண்ணீரில் அலசித் தெளியவிட்டு, துணியில் பிழிந்து, பிறகு சர்க்கரையோடு கிளறுவது கோஷிஆன். பின்னது வழவழப்பாக நாவில் கரையும். தையாக்கிக் கடைகளில் சுபுஆனே மிகுதி. மெல்லிய மொறுமொறுப்பான மேல்மாவோடு பயறு பல்லில் படும்போதுதான் ருசி முழுமையாகிறது என்பது என் கருத்து. இவற்றைத் தவிர, வெள்ளை மொச்சைவகைப் பயற்றில் செய்யும் ஷிரோஆன் என்ற வெளிர்நிறப் பூரணமும், முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்டர்டும், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பூரணமும் பரவலாகக் கிடைக்கின்றன.

நல்ல அங்கோவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்வேன். தையாக்கியைப் பிட்டு, ஆவி அடங்கும் முன் முகர்ந்து பாருங்கள். சர்க்கரைக்கு முன்னால் பயற்றின் மண்வாசம் எழ வேண்டும். தித்திப்பு மட்டும் வந்து மோதினால், பயற்றைவிடச் சர்க்கரை மலிவு என்று எண்ணிச் செய்த பூரணம் அது.

இனிப்புக்குள் பயற்றை வைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. அங்கே அதற்குள் இறைச்சியும் வைப்பார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில், ஜென் பௌத்தத் துறவி ஒருவரோடு ஜப்பானுக்கு வந்து நாராவில் தங்கிய லின் ஜிங்யின் என்ற சீனர், புலால் உண்ணாத துறவியருக்கென்று இறைச்சிக்குப் பதிலாக அசுகிப் பூரணத்தை வைத்து மஞ்சூ செய்தார் என்பது நாராவின் மரபு. அவரை ஜப்பானியர் ரின் ஜோயின் என்கிறார்கள். நாரா நகரின் கான்கோ ஆலய வளாகத்தில் அவருக்கென்று ரின் ஆலயம் என்றொரு சன்னிதி இருக்கிறது, அங்கே ஆண்டுதோறும் ஏப்ரல் 19 அன்று மஞ்சூ திருவிழா நடைபெறுகிறது. ஓர் இனிப்பைச் செய்து காட்டியவர் தெய்வமாக வணங்கப்படும் அந்த இடத்துக்கு, நாரா செல்பவர்கள் ஒரு மணிநேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆயினும் சர்க்கரை அன்று எளிய மக்களுக்கு எட்டாத பொருள். நாகசாகித் துறைமுகம் வழியாக டச்சுக்காரரும் சீனரும் கொண்டுவந்த சர்க்கரைக்கு நாட்டின் செல்வம் வெளியே போவதைக் கண்ட எட்டாம் ஷோகுன் (படைத்தலைவராக இருந்து நாட்டை ஆண்டவர்) யோஷிமுனே, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உள்நாட்டிலேயே கரும்பு பயிரிடுவதை ஊக்குவித்தார். சர்க்கரை சற்றுப் பரவலான பிறகுதான் தெருவோரத்தில் இனிப்பான அங்கோவைக் காசுக்கு விற்க முடிந்தது. நாம் இன்று காணும் திருவிழா இனிப்புகளின் தொடக்கம் இந்தக் காலத்தில்தான்.

தையாக்கி ஏன் மீன் வடிவில் இருக்கிறது?

தை என்பது செந்நிறக் கடல்மீன் ஒன்றின் ஜப்பானியப் பெயர், யாக்கி என்றால் சுட்டது. மங்கலமான, வாழ்த்துக்குரிய என்று பொருள்படும் மெதெதை என்ற சொல்லின் இறுதியில் அதே ஒலி வருவதால், திருமணம், புத்தாண்டு போன்ற விருந்துகளில் அம்மீனை முழுதாகச் சுட்டு வைப்பது வழக்கம். விலை உயர்ந்த அந்த மீன் எளியவர் வீட்டில் அடிக்கடி தோன்றியதில்லை. சில காசுகளுக்கு ஒரு முழுத் தை மீனையே கையில் ஏந்தலாம் என்பதில்தான் இந்த இனிப்பின் கவர்ச்சி இருந்திருக்கும்.

இதன் பிறப்பிடமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1909இல் தொடங்கப்பட்டு இப்போது டோக்கியோவின் அசாபு ஜூபான் பகுதியில் இயங்கும் நானிவாயா சோஹொன்தென் என்ற கடை. ஒசாகாவிலிருந்து வந்து அதை நிறுவிய கோபே செய்ஜிரோ, முதலில் வட்டமான இமகாவாயாக்கியை விற்றதாகவும், அது சரியாகப் போகாததால் ஆமை உள்ளிட்ட வடிவங்களில் சுட்டுப் பார்த்து, இறுதியில் தை மீனின் வடிவத்துக்கு மாறியதும் விற்பனை உயர்ந்ததாகவும் சொல்லப்படுகிறது.

பின்னாளில் இதன் புகழைப் பன்மடங்காக்கியது ஒரு குழந்தைப் பாடல். நாள்தோறும் இரும்புத் தட்டில் சுடப்படுவதில் சலித்துப்போன ஒரு தையாக்கி கடைக்காரரோடு சண்டையிட்டுக் கடலுக்குத் தப்பியோடி, கடைசியில் ஒரு தூண்டிலில் அகப்பட்டு உண்ணப்படுவதைச் சொல்லும் அப்பாடல் 1975 டிசம்பரில் தனி இசைத்தட்டாக வெளியாகி, 45 லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானின் தனிப்பாடல் இசைத்தட்டுகளில் அந்த எண்ணிக்கையை இதுவரை வேறெதுவும் தாண்டியதில்லை.

அதில் மீன் சேர்ந்திருக்குமா?

சேராது. வடிவம் மட்டுமே மீன்.

“காட்டு” தையாக்கி, “வளர்ப்பு” தையாக்கி என்று பிரித்துப் பேசுகிறார்களே, அது என்ன?

கடலில் பிடித்த மீனுக்கும் பண்ணையில் வளர்த்த மீனுக்கும் வழங்கும் சொற்களையே ஆர்வலர்கள் தையாக்கிக்கும் பொருத்தியிருக்கிறார்கள். ஓர் அச்சில் ஒரே ஒரு மீனைச் சுடுவது “காட்டு” வகை, ஒரே இரும்புத் தட்டில் பல மீன்களை ஒருசேரச் சுடுவது “வளர்ப்பு” வகை. திருவிழாக் கடைகளில் நீங்கள் காண்பது பெரும்பாலும் பின்னதே. கூட்டத்துக்கு ஈடுகொடுக்க வேறு வழியில்லை.

ஒற்றை அச்சில் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு தனி அனுபவம். நீண்ட இரு கைப்பிடிகளைக் கொண்ட இடுக்கிபோன்ற கனத்த இரும்புக் கருவியின் நுனியில், வலப்பாதி ஒன்றும் இடப்பாதி ஒன்றுமாக மீன் வடிவம் குடையப்பட்டிருக்கும். நெருப்பின்மேல் இத்தகைய அச்சுகள் வரிசையாகக் கிடக்க, சுடுபவர் ஓர் ஓரத்திலிருந்து தொடங்குவார். அச்சைத் திறந்து எண்ணெய் தடவி, மாவை மெல்லிய படலமாக மட்டும் ஊற்றி, தட்டைக் கரண்டியால் அங்கோவை ஒரே வீச்சில் வழித்து மீனின் முதுகு நெடுக இட்டு, மேலே சிறிது மாவை வார்த்து, டக்கென்று மூடித் திருப்பிப் போடுவார். அடுத்த அச்சு, அதற்கடுத்த அச்சு என்று வரிசை முடிந்து முதல் அச்சுக்குத் திரும்பும்போது அது மறுபக்கம் திரும்பும் பதத்தில் இருக்கும். நெருப்பு ஓரிடம்போல் மற்றோரிடத்தில் இராது என்பதால் அச்சுகளின் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார். இப்படிச் சுட்ட மீனின் மேல்மாவு மிக மெல்லியதாய், உள்ளிருக்கும் பூரணத்தின் கருமை ஆங்காங்கே நிழலாடுவதாய், செவுளும் செதிலும் கூர்மையாகப் பதிந்ததாய் இருக்கும். அச்சின் விளிம்பில் வழிந்து கருகிய மாவு ஓரம் அப்பளம்போல் நொறுங்கும்.

பெரிய தட்டில் சுட்டது சற்றுத் தடித்து, மென்மையாக, கேக்கைப்போல் இருக்கும். குழந்தைகளுக்கு அதுவே பிடிக்கிறது. ஒற்றை அச்சு முறையைக் காண விரும்பினால் திருவிழாவை நம்பாமல் டோக்கியோவின் பழைய கடைகளுக்குச் செல்ல வேண்டும். மேலே சொன்ன நானிவாயாவோடு, நிங்யோச்சோவில் உள்ள யானாகியாவும், யோத்சுயாவில் உள்ள வாகாபாவும் சேர்ந்து மூன்று பெருங்கடைகள் என்று போற்றப்படுகின்றன.

வால்வரை பூரணம் இருக்க வேண்டுமா, கூடாதா?

இது ஜப்பானியர் மனமாரக் கருத்து வேறுபடும் விஷயம். வால் நுனிவரை அங்கோ நிறைந்திருப்பதே கடைக்காரரின் நேர்மைக்குச் சான்று என்பது ஒரு தரப்பு. வாகாபா கடை புகழ்பெற்றதே வால்வரை பூரணம் வைத்ததால்தான். வால் என்பது பிடித்துக்கொள்ளும் இடம், இனிப்பு முழுவதையும் உண்டபின் வாயைத் தேற்றிக்கொள்ள வெறும் மொறுமொறுப்பாக அது இருக்க வேண்டும் என்பது மறுதரப்பு. இரண்டையும் உண்ட பிறகு நான் முதல் தரப்பில் நிற்கிறேன். மேல்மாவு மெலிதாக இருக்கும்பட்சத்தில் வால் தானாகவே மொறுமொறுப்பாகிவிடுகிறது, அதைக் காலியாக விட வேண்டிய தேவை இல்லை.

வட்டமான பண்டத்தை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயரில் விற்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான். வட்டக் குழிகள் கொண்ட தட்டில் மாவை ஊற்றி, ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறுபாதியை மேலே கவிழ்த்து ஒட்டிய, உள்ளங்கை அளவிலான தடித்த வட்டம் அது. இமகாவாயாக்கி என்ற பெயர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடோ நகரின் கந்தா பகுதியில் இருந்த இமகாவா பாலத்தருகே அது விற்கப்பட்டதால் வந்தது என்பார்கள். எடோ என்பது இன்றைய டோக்கியோ.

ஆனால் டோக்கியோவை விட்டு வெளியே போனால் இந்தப் பெயர் செல்லாத இடங்கள் பல. ஒசாகா பக்கம் அது கைதென்யாக்கி, அதாவது சுழற்றிச் சுட்டது. பல வட்டாரங்களில் ஓபன்யாக்கி என்பார்கள், ஓபன் என்பது ஷோகுன்கள் எடோவிலிருந்து ஆண்ட எடோ காலத்துப் பெரிய பொற்காசு. ஹொக்கைடோவில் ஓயாக்கி என்ற பெயர் வழங்குகிறது, ஆனால் நகானோ மாநிலத்தில் அதே சொல்லுக்குக் காய்கறி வைத்த வேறொரு பண்டம் என்று பொருள். ஹிமெஜி வட்டாரத்தில் கோசாசோரோ என்ற கடையின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. தத்தம் ஊர்ப் பெயரே சரியானது என்று மக்கள் விட்டுக்கொடுக்காமல் வாதிடுவதைக் கேட்கலாம். பண்டம் கைக்கு வர வேண்டுமானால் கடையின் துணித் தொங்கலில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

தையாக்கியைவிட இதில் பூரணம் கொள்ளும் இடம் அதிகம், மேல்மாவும் மென்மை. குளிர்காலத் திருவிழாவில் கையைச் சூடாக்கிக்கொள்ள இதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

நிங்யோயாக்கி என்பது என்ன?

கஸ்தெரா வகை மாவில், அதாவது 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த கேக்கின் மாவில், அச்சிட்டுச் சுட்ட சிறு இனிப்பு. உள்ளே பெரும்பாலும் கோஷிஆன். பொம்மலாட்டக் கலைஞரும் பொம்மை செய்வோரும் வாழ்ந்ததால் பெயர்பெற்ற டோக்கியோவின் நிங்யோச்சோ வட்டாரத்தில் ஏழு நற்பேற்றுத் தெய்வங்களின் முகங்களை அச்சாகக் கொண்டு சுடுகிறார்கள். அந்த எழுவரில் வீணை போன்ற கருவியை ஏந்திய பென்சைதென் நம் சரஸ்வதியே என்பதை அறிந்து உண்ணும்போது ஒரு நெருக்கம் தோன்றுகிறது. அசாகுசாவின் சென்சோஜி கோயில் வாசலில் இதே இனிப்பு ஐந்தடுக்குக் கோபுரம், பெரிய விளக்கு, புறா ஆகிய வடிவங்களில் கிடைக்கும். ஆறினாலும் கெடாத சுவை கொண்டது என்பதால் பயணத்தில் எடுத்துச் செல்ல ஏற்றது.

ஒரு குறிப்பிட்ட கோயிலுக்கோ நாளுக்கோ உரிய பூரண இனிப்புகள் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவையும் இவையே.

கியூஷூ தீவின் தசாய்ஃபு தென்மாங்கு ஆலயத்தில், கல்வித் தெய்வமாக வணங்கப்படும் சுகவாரா நோ மிச்சிசானே குடிகொண்டிருக்கிறார். கியோட்டோ அரசவையில் உயர் அமைச்சராக இருந்த அறிஞர் அவர். பொய்க் குற்றச்சாட்டால் 901இல் தசாய்ஃபுவுக்கு நாடுகடத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். வறுமையில் வாடிய அவருக்கு இரங்கிய மூதாட்டி ஒருத்தி, காவலர் கண்ணில் படாமல் பிளம் மரக் கிளையின் நுனியில் குத்திச் சன்னல் வழியாக அரிசிப் பண்டத்தை நீட்டினாள் என்பது கதை. பிளம் கிளை என்று பொருள்படும் உமேகாயெ என்ற சொல் அந்தப் பண்டத்துக்குப் பெயராயிற்று. அரிசிமாவுக்குள் அங்கோ வைத்து, பிளம் பூ முத்திரை பதித்த இரும்புத் தட்டுகளுக்கிடையே சுடும் உமேகாயெமோச்சியை ஆலயப் பாதை முழுவதும் விற்கிறார்கள். வெளியே அரிசி அப்பளம்போல் லேசாக நொறுங்கி, உள்ளே மோச்சி எனும் பசையுள்ள அரிசிமாவு இழுபட, அதற்குள் அங்கோ கொதிக்கக் கொதிக்க இருக்கும். மிச்சிசானே பிறந்ததும் மறைந்ததும் 25ஆம் தேதி என்பதால், மாதந்தோறும் அந்நாளில் மட்டும் யொமொகி என்ற மணமுள்ள கீரையைச் சேர்த்த பச்சை நிற வகையும் கிடைக்கும்.

கியோட்டோவில் 1716இல் தொடங்கிய சசாயா இயோரி என்ற கடையின் தோராயாக்கி மற்றொன்று. தோராயாக்கி என்றதும் இரண்டு வட்ட அடைகளுக்கிடையே அங்கோ வைத்த பண்டமே பலருக்கு நினைவு வரும். இது அதுவன்று. உருளையாகத் திரட்டிய கோஷிஆனை மெல்லிய அடையால் பலமுறை சுற்றி, மூங்கில் மடலில் பொதிந்து தருவார்கள். எடோ காலத்தின் முடிவில் தோஜி கோயில் துறவியர் கேட்டுக்கொண்டதன்பேரில், கோயிலின் சேகண்டியையே கல்லாகக் கொண்டு வார்த்தது என்பது கடையின் வரலாறு. சேகண்டிக்கு ஜப்பானியத்தில் தோரா என்று பெயர். தோஜியை ஆண்ட கோபோ தாய்ஷி என்னும் கூக்காய் மறைந்த 21ஆம் தேதியை ஒட்டி, மாதத்தில் 20, 21, 22 ஆகிய மூன்று நாள்களில் மட்டுமே அது விற்கப்படுகிறது.

நம் மோதகத்துக்கும் ஜப்பானிய இனிப்புகளுக்கும் தொடர்பு உண்டா?

தையாக்கிக்கு இல்லை. பூரணம் என்ற ஒற்றுமையை வைத்து அதைக் கொழுக்கட்டையின் உறவு என்று சொல்வது தவறு. ஆனால் மோதகத்தின் நேர்வழித் தோன்றல் ஒன்று ஜப்பானில் உண்மையாகவே இருக்கிறது.

விநாயகர் பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குச் சென்று, காங்கிதென் அல்லது ஷோதென் என்ற பெயரில் வணங்கப்படுகிறார். அவருக்குப் படைக்கும் காங்கிதான் என்ற இனிப்பு, தாங் அரசமரபு ஆண்ட சீனத்துக்குச் சென்று திரும்பிய தூதர்கள் வாயிலாக, நாரா தலைநகராக இருந்த 8ஆம் நூற்றாண்டில் வந்தது. மோதகம் என்ற சொல்லின் பொருளான மகிழ்ச்சி அதன் ஜப்பானியப் பெயரிலும் அப்படியே நிற்கிறது. கியோட்டோவில் 1617இல் நிறுவப்பட்ட காமேயா கியோனாகா என்ற கடை இன்றும் அதைச் செய்து விற்கிறது. பட்டை, சந்தனம் உள்ளிட்ட ஏழு நறுமணப் பொருள்கள் கலந்த கோஷிஆனை மாவில் பொதிந்து, பணமுடிச்சுபோல் உச்சியை எட்டு மடிப்பாகக் கட்டி, நல்லெண்ணெயில் நெடுநேரம் பொரிப்பார்கள். முற்காலத்தில் உள்ளே உலர்ந்த பழங்களின் பூரணமே இருந்தது, எடோ காலத்தில்தான் அசுகி அதன் இடத்தைப் பிடித்தது. ஓடு மிகக் கெட்டியாக இருக்கும். உடைத்ததும் எழும் மணம் நம் கோயில் பிரசாதத்தை நினைவூட்டும். இது திருவிழாக் கூடாரத்தில் கிடைக்காது, கடைக்கே செல்ல வேண்டும். பிள்ளையாரை வணங்கி வளர்ந்த ஒருவர் கியோட்டோவுக்குப் போய்விட்டு இதைச் சுவைக்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

சைவ உணவினர் இவற்றை உண்ணலாமா?

அங்கோவில் பயறு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் சேர்வதில்லை. சிக்கல் மேல்மாவில்தான் வரும். முட்டையும் பாலும் சேர்ப்பது பரவலான வழக்கம். கஸ்டர்டு பூரணத்தில் முட்டை நிச்சயமாக உண்டு. கோதுமை மாவு இல்லாத தையாக்கி அரிது. முட்டையைத் தவிர்ப்பவர்களுக்கு, உமேகாயெமோச்சி போன்ற அரிசிப் பண்டங்களே பாதுகாப்பான தேர்வு.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. சில கடைகளில் அதே மீன் அச்சில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்த காரவகைகளையும் சுடுகிறார்கள். ஆகவே பூரணம் என்னவென்று கேட்காமல் வாங்க வேண்டாம். மேலும், குழிப் பணியாரம்போல் உருண்டையாக, பழுப்புநிறச் சாறு பூசிப் படகு வடிவத் தட்டில் தருவது தாக்கோயாக்கி. அதற்குள் இருப்பது எண்காலிக் கடலுயிரின் துண்டு. தோற்றத்தைப் பார்த்து இனிப்பென்று எண்ணி வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

நடந்துகொண்டே உண்ணலாமா?

திருவிழாவில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனினும் நடந்தபடி உண்பது அவ்வளவு நாகரிகமில்லை என்ற எண்ணம் பொதுவாக உண்டு. காமாகுரா நகரம் 2019 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய விதிகளில், நெரிசலான இடங்களில் நடந்துகொண்டே உண்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது. அதற்குத் தண்டனை ஏதும் இல்லை. கடையோரம் ஒதுங்கி நின்று உண்டுவிட்டு, காகிதப் பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது நல்ல வழக்கம். தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்காது. வாங்கியவுடன் கடிக்காதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். மேல்மாவு ஆறியிருந்தாலும் அங்கோ கொதிநிலையை ஒட்டியே இருக்கும், நாக்கு வெந்துவிடும். தலையிலிருந்தா வாலிலிருந்தா என்பது உங்கள் விருப்பம்.

அறைக்குக் கொண்டுபோய்ப் பிறகு உண்ணலாமா?

உண்ணலாம், ஆனால் பையின் வாயைத் திறந்தே வையுங்கள். மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மேல்மாவு ஊறிப்போகும். மறுபடி சூடாக்க, மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்து உள்ளே சூடேற்றி, பிறகு டோஸ்டரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து மேற்புறத்தை மொறுமொறுப்பாக்குவது நல்ல முறை. அன்றே உண்டு முடிப்பது நலம்.

கொரியாவில் கிடைக்கும் மீன் வடிவப் பண்டமும் இதுதானா?

அதன் வழி வந்ததுதான். ஜப்பானிய ஆட்சியின் கீழ் கொரியா இருந்தபோது, 1930களில் தையாக்கி அங்கே சென்றது. கொரியர் அதைக் கெண்டை மீன் ரொட்டி என்று பொருள்படும் புங்கொப்பாங் என்ற பெயரில் குளிர்காலத் தெருக்களில் விற்கிறார்கள். அளவில் சற்றுச் சிறியது, மாவும் தளர்ச்சி.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். அடுப்பில் வைத்துத் திருப்பும் இரட்டை மீன் அச்சு இணையக் கடைகளில் கிடைக்கிறது. பூரணத்துக்கு அவசரம் ஆகாது.

250 கிராம் அசுகிப் பயற்றைக் கழுவி, ஊறவைக்காமலே, மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் செம்பழுப்பாகும். அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். ஜப்பானியர் இதைத் துவர்ப்பு நீக்குதல் என்பர். இதைச் செய்யாவிட்டால் பூரணத்தின் அடியில் ஒரு கசப்பு தங்கிவிடும். புதுத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில், பயறு எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும்படி அவ்வப்போது நீர் சேர்த்து, ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் தோல் உள்பட எதிர்ப்பின்றி மசிய வேண்டும். இந்தப் பதம் வரும்முன் சர்க்கரை போட்டால் பயறு இறுகிவிடும், அதன்பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. பதம் வந்ததும் மிகுந்த நீரை வடித்து, 200 கிராம் சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்துக் கிளறி, கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அது ஒரு கணம் நின்று மூடும் நிலையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். அசுகி கிடைக்காத ஊரில் சிவப்புத் தட்டைப்பயற்றில் செய்தாலும் பூரணம் வரும், ஆனால் மணம் வேறு.

மேல்மாவுக்கு 100 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 20 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 120 மில்லி பால் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து அரைமணிநேரம் வையுங்கள். அச்சின் இருபுறமும் நன்றாகச் சூடேறி எண்ணெய் தடவிய பின், குழியில் பாதிக்கும் குறைவாக மாவை ஊற்றி, முந்தியே நீளவாக்கில் உருட்டி வைத்த அங்கோவைத் தலையிலிருந்து வால்வரை படுக்கவைத்து, மேலே மாவால் மூடி அச்சைச் சாத்துங்கள். நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம் போதும். முதல் மீன் அநேகமாக ஒட்டிக்கொள்ளும். அச்சு எண்ணெய் குடித்துப் பழகிய பிறகு, மூன்றாவது மீனிலிருந்து செதிலும் கண்ணும் தெளிவாக விழத் தொடங்கும். எடுத்தவுடன் தட்டில் படுக்கவைக்காமல் கம்பிவலையின்மேல் நிறுத்தி வையுங்கள், அடிப்பக்கம் வியர்க்காது.